அந்த ஊரில் பாட்டிமார் எங்கே?



குன்னூரில் மூன்று நாளாக மழை விடவில்லை. பேரன் நேற்றுதான் பெங்களூருக்குத் திரும்பிப் போனான். வீடு வெறிச்சென்று இருக்கிறது. அதனால் இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். ஒரு டீயைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள், இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையோ, சினிமாவோ, கம்ப்யூட்டர் விளையாட்டோ, ஒரு கற்பனை உலகத்தைப் பார்த்துவிட்டுக் குழந்தை வந்து, "அங்க இருக்கிறவங்க என்ன சாப்பிடுவாங்க? எங்க தூங்குவாங்க? வேலை எல்லாம் யாரு செய்வாங்க?" என்று கேட்டால், "அது சும்மா கதைதானே, போய்ப் படி" என்று வாயை அடைக்காதீர்கள். நான் அடைத்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மே மாதம் பேரன் வந்து இறங்கும்போதே மகள் எச்சரித்துத்தான் அனுப்பினாள். "அம்மா, டேப்லெட்டைக் கையில கொடுக்காதீங்க. கொடுத்தா ஒரு மணி நேரம்தான்." பத்து வயதுப் பையன். மழை பெய்தால் இங்கே வெளியே போக வழியில்லை. ஒரு மணி நேரம் கொடுத்தேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். நானும் பக்கத்தில் உட்காருவேன், நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும்.

அவன் விளையாடுவது மைன்கிராஃப்ட். உங்களில் பலருக்கு உங்கள் பிள்ளைகள் மூலம் தெரிந்திருக்கும். ஸ்வீடன் நாட்டில் உருவானது, முழுமையாக வெளிவந்தது 2011-ல். பிறகு மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. உலகம் முழுவதும் 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறதாம். எல்லாமே கட்டம் கட்டமாக இருக்கும். மண், கல், மரம், மாடு, சூரியன்கூடச் சதுரம். அதற்குள்ளே கிராமங்கள் இருக்கின்றன, கிராமத்தார் இருக்கிறார்கள். பெரிய மூக்கு, கையைக் கட்டிக்கொண்டே நடப்பார்கள். பேச்சு கிடையாது, "ம்ம்" என்று ஒரு முனகல் மட்டும்.

"இவங்கல்லாம் யாரு?" என்று கேட்டேன்.

அவ்வளவுதான், வகுப்பு தொடங்கிவிட்டது. அவன் வாத்தியார், நான் மாணவி. "இவர் விவசாயி, அம்மாயி. இவர் மீன் பிடிக்கிறவர். இவர் ஆடு மேய்க்கிறவர். இது கல் வேலை செய்றவர். இவர் லைப்ரரியன். ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேலை மேஜை இருக்கும். காலையில எழுந்து அங்க போவாங்க. நடுவுல மணி இருக்கிற இடத்துல எல்லாரும் கூடுவாங்க. ராத்திரி ஆனா வீட்டுக்குப் போய்ப் படுத்துக்குவாங்க."

நம்ம ஊர் மாதிரியே இருக்கிறதே என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. கேட்க ஆரம்பித்தேன்.

"சாப்பாட்டுக்கு என்ன செய்வாங்க?"

"ரொட்டி. மூணு கோதுமையை வரிசையா வச்சா ஒரு ரொட்டி வந்துரும்."

"மாவு அரைக்க வேண்டாமா? அடுப்பு?"

"வேண்டாம் அம்மாயி."

எனக்குத் திக்கென்றது. கதிரடித்து, புடைத்து, அரைத்து, பிசைந்து, விறகு மூட்டி, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சுட வேண்டிய ரொட்டி, மூன்று கதிரை வரிசையில் வைத்தால் வந்துவிடுகிறதாம்.

"தண்ணி?"

"ரெண்டு வாளித் தண்ணியைச் சரியான இடத்துல ஊத்தினா அது தீரவே தீராது. எவ்ளோ எடுத்தாலும் வந்துட்டே இருக்கும்."

தண்ணீர் வரும் நாளை நாட்காட்டியில் வட்டம் போட்டு வைக்கிற வீடு என்னுடையது. பெருமூச்சு விட்டேன். ஆனால் ஒரு விஷயம் பிடித்திருந்தது. வயலில் தண்ணீருக்கு நான்கு கட்டத்துக்குள் இருக்கிற மண்தான் ஈரமாக இருக்கும், அதைத் தாண்டினால் காய்ந்துவிடும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வாய்க்கால் எங்கே வெட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டு வெட்டுகிறான். பாடப் புத்தகத்தில் பாசனம் என்ற பாடத்தில் இதை நான் எத்தனை வருடம் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்திருப்பேன்!

"அங்க டீ இருக்கா?"

யோசித்தான். "இல்ல அம்மாயி. கோகோ இருக்கு, காட்டு மரத்துல காய்க்கும். டீ இல்ல."

"பள்ளிக்கூடம்?"

"இல்ல. பிள்ளைங்க ஓடிப் பிடிச்சு விளையாடும், கட்டில் மேல ஏறிக் குதிக்கும். இருபது நிமிஷத்துல பெரியவங்களா ஆயிடும்."

"சரி, பாட்டி தாத்தா?"

இதற்கு அவனிடம் பதில் இல்லை. டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "யாருக்குமே வயசாகாது அம்மாயி. வயசானவங்க யாரும் இல்ல." பிறகு, "பச்சைச் சட்டை போட்ட ஒரு ஆள் இருப்பாரு. அவருக்கு எந்த வேலையும் வராது. அவரால யூஸ் இல்லைன்னு எல்லாரும் விரட்டிருவாங்க" என்றான்.

ஓய்வு பெற்ற ஆசிரியை நான். பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருவரும் சிரித்துவிட்டோம்.

சிலர் நினைக்கலாம், டீச்சருக்கு வயதாகிவிட்டது, பொம்மை விளையாட்டைப் போய் ஆராய்ச்சி பண்ணுகிறார் என்று. ஆனால் இந்தக் கேள்வி புதிதல்ல. பாண்டவர்கள் பன்னிரண்டு வருடம் காட்டில் இருந்தார்கள் என்று கதை சொன்னால், "கூட வந்த அத்தனை பேருக்கும் சோறு?" என்று யாரோ ஒருவர் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகத்தான் சூரியன் கொடுத்த அட்சய பாத்திரம் கதைக்குள் வருகிறது. அந்தப் பாத்திரத்துக்கு ஒரு விதியும் உண்டு. திரௌபதி சாப்பிட்டு முடித்துவிட்டால் அன்றைக்கு அதில் சோறு வராது. அப்படியென்றால் வீட்டில் கடைசியாகச் சாப்பிட வேண்டியவள் யார் என்பதும் அந்தப் பதிலுக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் காலத்து வீடு எப்படி நடந்தது என்பதைப் போர்க்களத்துக் காட்சியைவிட இந்தச் சோற்றுப் பாத்திரம் எனக்கு நன்றாகச் சொல்கிறது.

சரி, பேரனிடம் வருகிறேன்.

ஒரு வாரம் போனது. ஒருநாள் பெருமையாகக் கூப்பிட்டான். "அம்மாயி, என் ட்ரேடிங் ஹால் பாருங்க!"

பார்த்தேன். நீளமாக ஒரு கட்டடம். நடுவில் நடைபாதை. இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். அறை என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு ஆள் நிற்கிற இடம். ஒவ்வொன்றிலும் ஒரு கிராமத்தான். முன்னால் அவனுடைய வேலை மேஜை. சுற்றிச் சுவர். பேரன் நடைபாதையில் போய்க்கொண்டே ஒவ்வொருவரிடமும் பொருளைக் கொடுத்து மரகதக் கல் வாங்குகிறான், கல்லைக் கொடுத்துப் பொருள் வாங்குகிறான்.

"இவங்க எப்படி வீட்டுக்குப் போவாங்க?"

"போக மாட்டாங்க. இங்கேயேதான்."

"சாப்பாடு?"

"சாப்பிடலைன்னாலும் சாக மாட்டாங்க அம்மாயி."

"வேற வேலைக்குப் போகணும்னு நினைச்சா?"

"முடியாது. நாம ஒரு தடவை அவங்ககூட வியாபாரம் பண்ணிட்டோம்னா, அப்புறம் அவங்க தொழில் மாறவே மாறாது."

"ஏன்டா ராசா இப்படி அடைச்சு வச்சிருக்கே?"

"எல்லாரும் இப்படித்தான் பண்ணுவாங்க. வெளிய விட்டா எங்கேயாவது போயிருவாங்க, தேடணும். ராத்திரி ஜாம்பி வந்து கடிச்சிரும். இது அவங்களுக்கும் சேஃப்."

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவனைத் திட்டவும் இல்லை. அவன் ஒரு தப்பும் செய்யவில்லை, விளையாட்டு அதற்கு இடம் கொடுக்கிறது, உலகம் முழுக்க அப்படித்தான் விளையாடுகிறார்கள். ஆனால் அந்த நீளக் கட்டடத்தை நான் இதற்கு முன்பே பார்த்திருக்கிறேன். நான் பிறந்ததே அப்படி ஒன்றில்தான்.

உறவுகளுக்குத் தெரியும், மாணவர்களில் பலருக்குத் தெரியாது. நான் பிறந்தது 1960-ல், இலங்கையில் அட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். நீண்ட கட்டடம், தகரக் கூரை, வரிசையாக அறைகள். அங்கே அதை லயம் என்போம், இங்கே லைன் என்கிறீர்கள். ஒரு காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் நாங்கள் ஆறு பேர்.

அன்று மாலை டேப்லெட்டை மூடிவிட்டு, "இப்ப நீ கேளு, நான் சொல்றேன். நான் பொறந்த ஊரும் உனக்குக் கற்பனை உலகம் மாதிரிதான். என்ன வேணா கேளு" என்றேன்.

பையன் நான் கேட்ட கேள்விகளையே திருப்பிக் கேட்டான்.

என்ன சாப்பிட்டீங்க? ரொட்டிதான். தோட்டத்தில் கொடுக்கிற கோதுமை மாவில் தட்டிய ரொட்டி, மிளகாய்ச் சம்பல். கொடுத்த மாவுக்கும் அரிசிக்கும் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். தேங்காய் கிடைத்த நாளில் ரொட்டியில் தேங்காய்ப் பூ சேரும். காலையில் வெறும் சாயத் தண்ணீர், கடித்துக்கொள்ள ஒரு துண்டு வெல்லம். தேயிலை மலையிலே இருந்தோம், நல்ல தேயிலை எங்களுக்கு வராது. தூள்தான் வரும்.

காலையில யார் எழுப்புவாங்க? விடியும் முன்னே தப்புச் சத்தம் கேட்கும். அதுதான் எங்கள் கடிகாரம். பெரட்டுக் களத்தில் பேர் கொடுக்க வேண்டும். கங்காணி இன்ன மலைக்குப் போ என்று பிரித்து அனுப்புவார். நேரம் தப்பினால் அன்றைக்கு வேலை இல்லை.

அம்மா என்ன பண்ணுவாங்க? கொழுந்து பறிப்பார்கள். இடுப்பில் படங்குச் சாக்கு, தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடை. இரண்டு இலை ஒரு மொட்டு. மழையிலும் நிற்க வேண்டும், காலில் அட்டை ஏறும். நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கழிப்பார்கள், கூடைக்கென்று கழிப்பார்கள். சொன்ன எடை வரவில்லையென்றால் அரைப் பேர்தான் போடுவார்கள். அதாவது அரை நாள் கூலி.

உங்களை யார் பார்த்துக்குவாங்க? பிள்ளைக் காம்பராவில் ஒரு ஆயா. அந்த ஆயா யார் தெரியுமா? கொழுந்து பறித்துப் பறித்து முதுகு வளைந்துபோன ஒரு பாட்டி.

"அப்ப உங்க ஊர்ல பாட்டி இருந்தாங்க!" என்றான்.

இருந்தார்கள். எங்கள் ஊரே அந்தப் பாட்டிமாரின் முதுகில்தான் இருந்தது.

பிறகு அவன் கேட்டான் பாருங்கள் ஒரு கேள்வி. "அம்மாயி, பிடிக்கலைன்னா அவங்க ஏன் வெளிய போகல?"

இதுதான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கேள்வி. பதில் சொன்னேன். என் பாட்டனாருக்கு முந்தைய காலத்தில் துண்டு என்று ஒன்று இருந்தது. ஒரு சீட்டு. ஊரிலிருந்து கூட்டி வந்த கங்காணியிடம் பட்ட கடன் எவ்வளவு என்று அதில் இருக்கும். அந்தக் கடனைக் கட்டினால்தான் வேறு தோட்டத்துக்குப் போக முடியும். கட்டுவதற்குக் கூலி போதாது, அதனால் கடன் வளரும். 1921-ல் அந்தத் துண்டைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். 1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்ற கையோடு வந்த குடியுரிமைச் சட்டத்தில் எங்களில் பெரும்பாலோருக்கு எந்த நாடும் இல்லை என்று ஆகிவிட்டது. 1964-ல் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. எங்களைக் கேட்டு யாரும் எண்ணவில்லை.

1971-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம். மண்டபம் முகாமில் சில நாள். பிறகு இந்த மலை. எங்களைப்போல் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968-ல் தமிழ்நாடு அரசு இங்கே தேயிலைத் தோட்டங்கள் போட ஆரம்பித்திருந்தது. எங்கள் அம்மாவுக்குக் கிடைத்தது வேறொரு தோட்டத்தில். அதே கூடை, அதே கொழுந்து, அதே லைன். ஒரு கடலைத் தாண்டி வந்தும் அம்மாவின் தொழில் மாறவில்லை.

"வில்லேஜர் மாதிரி" என்றான் பேரன்.

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனே சொன்னான்.

மறுநாள் மழை விட்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்து ஓரமாக நடந்து போனோம். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் வேலியோரம் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஜார்க்கண்டிலிருந்து வந்தவர். இப்போதெல்லாம் நம் மலையில் அந்தப் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நம் பிள்ளைகள் படித்துக் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள், கூடை கை மாறிவிட்டது. கூடைகூட இல்லை, இப்போது கையில் கத்தரி, தோளில் சாக்கு. எனக்கு இந்தி வராது. பேரனுக்கு வரும். என்னைக் கேட்காமலே போய்ப் பேச ஆரம்பித்துவிட்டான். காலையில் என்ன சாப்பிட்டீர்கள், வீடு எங்கே, பிள்ளை இருக்கிறதா, யார் பார்த்துக்கொள்கிறார்கள். அதே கேள்விகள்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். திரும்பி வரும்போது எனக்கு மொழிபெயர்த்தான். "காலையில ரொட்டியும் உருளைக்கிழங்கும். அவங்களுக்கு ஒரு பாப்பா இருக்கு அம்மாயி. ஆனா இங்க இல்ல. ஊர்ல பாட்டிகிட்ட இருக்கு."

சற்று தூரம் பேசாமல் நடந்துவிட்டு, "டீ எப்படிப் பண்ணுவாங்க?" என்று கேட்டான். சொன்னேன். பறித்த இலையை முதலில் வாட விட வேண்டும், பிறகு அரைத்து உருட்ட வேண்டும், காற்றுப் பட்டு நிறம் மாற வேண்டும், சூட்டில் உலர்த்த வேண்டும், சலித்துத் தரம் பிரிக்க வேண்டும். நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போனால்தான் ஒரு கிலோ தூள். "மூணு இலையை வரிசையா வச்சா டீ வராதுடா" என்றேன்.

இப்போது என் கருத்து.

ஒரு கற்பனை உலகத்தைச் செய்கிறவர்கள் சிலவற்றைச் சேர்க்கிறார்கள், சிலவற்றை விட்டுவிடுகிறார்கள். விளையாட்டில் மாவு அரைப்பதை விட்டால் தப்பில்லை. பிள்ளை விளையாட வந்திருக்கிறான், அரைக்க வரவில்லை. ஆனால் விடப்பட்டது எது என்று பார்க்கக் குழந்தைக்குப் பழக்கம் வந்துவிட்டால், அந்தப் பழக்கம் டேப்லெட்டோடு நிற்காது.

யோசித்துப் பாருங்கள். நான் முப்பத்து நான்கு வருடம் ஆசிரியராக இருந்தேன். "நீலகிரியில் தேயிலை விளைகிறது" என்று சொல்லிக் கொடுத்தேன். விளைகிறது! யார் பறிக்கிறார்கள் என்று அந்த வாக்கியத்தில் இல்லை. என் முன்னால் உட்கார்ந்திருந்த பாதிப் பிள்ளைகளின் அம்மாமார் அந்த நேரத்தில் மலையில் நின்றுகொண்டிருந்தார்கள். நானே ஒரு கொழுந்துக்காரியின் மகள். எனக்கே அது உறைக்கவில்லை. டீ பாக்கெட்டின் மேல் நகை போட்டுக்கொண்டு சிரிக்கிற பெண் இருக்கிறாரே, அவரும் ஒரு கற்பனை உலகத்துக்காரர்தான். சீசனுக்கு வந்து பச்சைக் கம்பளம் என்று படம் எடுத்துப் போகிறவர்கள் பார்க்கிற ஊட்டியும் அப்படித்தான். அங்கேயும் தண்ணீர் தீராது, யாருக்கும் முதுகு வலிக்காது, பாட்டிமார் இல்லை.

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-ல் வந்தது. வீடு, மருத்துவம், பிள்ளைகளுக்குக் காப்பகம், படிப்பு இதையெல்லாம் தோட்டம் தர வேண்டும் என்று அதில் எழுதினார்கள். அது எப்படி வந்தது? "இவர்கள் எங்கே தூங்குகிறார்கள், பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்" என்று யாரோ கேட்டதால்தானே? என் பேரன் கேட்டதும் அதேதான்.

என்னோடு வேலை பார்த்த ஒரு ஆசிரியர் போனில் சொன்னார், "டீச்சர், கேமுக்கு நீங்களே வக்காலத்து வாங்குறீங்களே, பிள்ளைங்க கண்ணும் போச்சு தூக்கமும் போச்சு" என்று. அவர் சொல்வது சரி. நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொடுக்கவில்லை, ராத்திரி தொடவே விடவில்லை. விளையாட்டு தானாகக் குழந்தைக்கு எதையும் கற்றுக்கொடுத்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும். என் பேரன் தனியாக விளையாடியிருந்தால் அந்த நீளக் கட்டடம் அவனுக்கு வெறும் சாமர்த்தியமாகத்தான் இருந்திருக்கும். பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் விளையாடத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை, கேட்கத் தெரிந்திருந்தால் போதும்.

பேரப்பிள்ளை எடுத்தவர்களும் எடுக்கப் போகிறவர்களும் இதைச் செய்து பாருங்கள். முதலில் நீங்கள் கேளுங்கள், அவன் சொல்லட்டும். அவனுக்குத் தெரிந்த உலகத்தில் அவன்தான் பெரியவன், அந்த மரியாதையைக் கொடுங்கள். இரண்டாவது, என்ன இருக்கிறது என்று கேட்டு முடித்ததும், யார் இல்லை என்று கேளுங்கள். மூன்றாவது, அதே கேள்விகளை உங்களைக் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் குழந்தைப் பருவம் அவர்களுக்கு எந்த விளையாட்டையும்விட விநோதமான உலகம். உபதேசம் வேண்டாம். என்ன சாப்பிட்டோம், எங்கே படுத்தோம் என்று மட்டும் சொல்லுங்கள், மிச்சத்தை அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

அந்தக் கட்டடம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரண்டு நாள் கழித்து அவனே சுவரை உடைத்தான். நான் சொல்லவில்லை. ஆனால் சும்மா திறந்துவிடவில்லை. முதலில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினான், இருட்டு மூலைகளில் எல்லாம் தீப்பந்தம் வைத்தான், ஆளுக்கொரு கட்டில் எண்ணிப் போட்டான், பிறகுதான் திறந்தான். அதற்கே மூன்று மணி நேரம், அதாவது மூன்று நாள் ஆனது. அப்புறம் ஒரே முணுமுணுப்பு. "ஒவ்வொருத்தரையும் தேடித் தேடிப் போக வேண்டியிருக்கு அம்மாயி, நேரம் ஆகுது." ஆமாம், நேரம் ஆகும் என்றேன். பச்சைச் சட்டைக்காரருக்கும் ஒரு வீடு கட்டியிருந்தான். வாசலில் பூச்செடி.

கடைசியாக, முதலில் சொல்லாமல் விட்டது.

1991 என்று நினைக்கிறேன். மூன்றாம் வகுப்பு. பாட்டி வடை சுட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். காக்கா வடையைத் தூக்கியது, நரி பாட்டுப் பாடச் சொன்னது, ஏமாறக் கூடாது பிள்ளைகளே என்று நீதியை நெருங்கிவிட்டேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். லைன் வீட்டுப் பையன். மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். "டீச்சர், அந்தப் பாட்டி ஏன் தனியா வடை சுடுது? அதோட பிள்ளைங்க எங்க?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "கதையில அதெல்லாம் கேக்கக் கூடாது, உக்காரு" என்றேன். உட்கார்ந்தான். அந்த வருடம் அவன் வேறு எந்தக் கேள்வியும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அவனை வளர்த்தது அவன் பாட்டிதான் என்று பிறகுதான் தெரிந்தது. தோட்டத்தில் பேர் வெட்டிவிட்ட பிறகு, பஸ் நிறுத்தத்தில் சுண்டல் விற்று அவனைப் படிக்க வைத்த பாட்டி.

தம்பி, உன் பேரை இங்கே எழுதவில்லை. இப்போது உனக்கு நாற்பது வயதைத் தாண்டியிருக்கும், உனக்கே பிள்ளைகள் இருக்கும். நீ இதைப் படிக்கிறாயோ என்னவோ. அன்றைக்கு நீ கேட்டதுதான் அந்தக் கதையில் கேட்க வேண்டிய கேள்வி. எனக்குப் பதில் தெரிந்திருந்தது, ஏனென்றால் எங்கள் லயத்திலும் அப்படிப் பாட்டிமார் இருந்தார்கள். அந்த வயதில் உட்கார்ந்து சாப்பிட வழியில்லாததால் அந்தப் பாட்டி வடை சுட்டது. பிள்ளைகள் எங்கேயோ வேலைக்குப் போயிருப்பார்கள், அல்லது இல்லாமல் போயிருப்பார்கள். வீட்டில் ஒரு பேரன் இருந்திருப்பான். அந்த வடையில் ஒன்று அவனுக்கு என்று எடுத்து வைத்ததாக இருந்திருக்கும். காக்கா தூக்கிக்கொண்டு போனதை நினைத்து அன்றைக்குப் பாட்டி எவ்வளவு வருத்தப்பட்டிருக்கும் என்று நாம் வகுப்பில் பேசியிருக்க வேண்டும்.

முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மன்னித்துக்கொள். குன்னூர்ப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வா, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. அவர்கள் என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்